வயரிங் வேலையும் காண்ட்ராக்டர் லைசென்சும்

செவ்வாய்ப்பேட்டையில் நாங்கள் மின்சாமான் மொத்த வியாபாரம் செய்யத் தொடங்கி நாற்பது வருடம் ஆகிறது. எங்களிடம் வயர் காயில் வாங்கிப் போகிறவர்களில் பாதிப்பேர் தங்களைக் "காண்ட்ராக்டர்" என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பில்லிலும் அப்படியே எழுதிக் கொடுத்துவந்தோம். உரிமம் உண்டா என்று நெடுநாள் கேட்டதில்லை. கேட்கும்படி செய்தது எங்கள் சொந்தக் குடோன்.

1991ல் புதிதாகப் பிடித்த குடோனுக்கு வயரிங் வேலையைப் பழக்கமான ஒருவரிடம் கொடுத்தோம். மற்றவர்கள் சொன்ன தொகையில் முக்கால் பங்குக்கு ஒப்புக்கொண்டார். அவருக்கு லைசென்ஸ் கிடையாது. லைசென்ஸ் உள்ள வேறொருவரிடம் பணம் கொடுத்து டெஸ்ட் ரிப்போர்ட்டில் கையெழுத்தும் சீலும் வாங்கிவந்தார், இணைப்பும் கிடைத்தது. எட்டாம் மாதம் ஒரு ராத்திரி, சீலிங் ஓரத்தில் போட்டிருந்த ஜாயிண்ட் சூடேறித் தீப்பிடித்தது. மெயினை அணைக்க ஓடிய எங்கள் ஆள் இரும்புப் போர்டைத் தொட்டதும் ஷாக் அடித்து விழுந்து கை முறிந்தது. எர்த் கம்பி குழிக்குப் போகவே இல்லை. சுவரில் அடித்த ஒரு ஆணியில் சுற்றி விட்டிருந்தார்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வந்ததும் முதலில் கேட்டது வேலை செய்தது யார் என்பதைத்தான். சீல் போட்டவரோ அந்தத் தெருவையே பார்த்ததில்லை என்றார். இரண்டு வருடம் நடந்து, கேட்டதில் பாதிக்கும் குறைவாகவே கைக்கு வந்தது.

சட்டம் அன்றைக்கே தெளிவாகத்தான் இருந்தது. 1956ஆம் வருடத்து இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் மூலமாக, தகுதிச் சான்று உள்ளவரின் நேரடி மேற்பார்வையில்தான் மின்னமைப்பு வேலை நடக்கவேண்டும் என்றது. பல்பு, பியூஸ், சுவிட்ச், ஃபேன் மாற்றுவது போன்ற சில்லறை வேலைகளுக்கு மட்டும் விலக்கு. 2003ஆம் வருடத்து மின்சாரச் சட்டத்துக்குப் பிறகு, மத்திய மின்சார ஆணையம் 2010லும் மறுபடி 2023லும் புதிய பாதுகாப்பு விதிமுறைகளைக் கொண்டுவந்தது. வாசகம் மாறியதே தவிர இந்த அடிப்படை மாறவில்லை.

நமது மாநிலத்தில் உரிமம் கொடுப்பது சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் உள்ள தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியம். ஒப்பந்ததாரர் உரிமத்தில் இ.எஸ்.ஏ., இ.ஏ., இ.எஸ்.பி., இ.பி. என்று தரங்கள் உண்டு. ஏ பிரிவினர் உயரழுத்த வேலையும் எடுக்கலாம். பி பிரிவினர் தாழ்வழுத்தத்தோடு நிற்கவேண்டும். ஆகவே சேகோ ஆலைக்கு டிரான்ஸ்பார்மர் வைக்கிற வேலையையும் கடைக்கு ட்யூப்லைட் போடுகிற வேலையையும் ஒரே சீட்டை நம்பிக் கொடுக்கலாகாது. ஆட்களுக்குத் தனித்தனியே சான்று உண்டு: சூப்பர்வைசருக்கு ஒன்று, வயர்மேனுக்கு ஒன்று, உதவியாளருக்கு ஒன்று. உரிமத்தைக் காட்டச் சொல்லும்போது புதுப்பித்த தேதியையும் சேர்த்துப் பாருங்கள். காலாவதியான சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருப்பவர்கள் நம் ஊரில் நிறைய.

லைசென்ஸ் உள்ளவர் ஏன் அதிகம் கேட்கிறார் என்பதுதான் நம் வியாபாரிகள் எப்போதும் கேட்கும் கேள்வி. சான்று பெற்ற ஆட்களைச் சம்பளத்தில் வைத்திருக்கவேண்டும். வேலை இல்லாத ஆடி மாதத்திலும் சம்பளம் நிற்காது. மெகர், எர்த் டெஸ்டர், டாங் டெஸ்டர் சொந்தமாக வேண்டும். அவற்றைச் சோதனைச்சாலைக்கு அனுப்பிச் சரிபார்த்துச் சான்றும் வாங்கவேண்டும். வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு, சாமானும் கூலியும் சேர்ந்த வேலைக்கு 18 சதவீத வரி. ஒரு லட்ச ரூபாய் வேலை என்றால் வரி மட்டும் 18,000. பதிவில்லாதவர் அந்தத் தொகையை வெட்டிவிட்டு விலை சொல்வார். பதிவுள்ள நம் கடைக்கு, பழுது பார்த்த செலவாகக் கணக்கில் எழுதினால் அந்த வரியை வரவு வைத்துக்கொள்ள வழியுண்டு. கட்டடச் சொத்தில் மூலதனமாக ஏற்றிவிட்டால் கிடைக்காது. ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு பில் போடச் சொல்வது நல்லது.

இன்னொரு வித்தியாசம் மெகரில் தெரியும். வயரிங் முடிந்ததும் கம்பிக்கும் எர்த்துக்கும் இடையே 500 வோல்ட் மெகரை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் குறைந்தது ஒரு மெகோம் காட்டவேண்டும் என்பது 1956 விதிகளிலேயே சொன்ன கணக்கு. அந்த அளவைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். தயங்குகிறவரிடம் மெகர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கத்துத் தொழில்கள் மின்சாரத்துக்குக் கடுமையானவை. நாமக்கல் கோழிப் பண்ணையில் எச்சத்திலிருந்து எழும் அம்மோனியா, டெர்மினல் செம்பை அரித்துவிடும். குமாரபாளையம், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில் மூடியில்லாத போர்டின் மேல் பஞ்சுத் தூசி படிந்திருக்கும். ஒரு பொறி போதும். சேகோ ஆலையில் தரை காய்வதே இல்லை. ஈரத்தில் வெறுங்காலோடு நிற்கிற ஆளுக்கு 30 மில்லியாம்ப் ஈ.எல்.சி.பி.தான் துணை. இந்த இடங்களில் வேலையை மலிவாக்குகிறவர் முதலில் கைவைப்பது எர்த் குழியிலும் ஈ.எல்.சி.பி.யிலும்தான். கண்ணுக்குத் தெரியாத செலவல்லவா!

நம் வியாபாரிகள் மேலும் குற்றம் உண்டு. 2003ஆம் வருடத்துத் தரக்கட்டுப்பாட்டு ஆணைப்படி ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத வயரை விற்பதே தவறு. 2016ஆம் வருடத்து இந்தியத் தர நிர்ணய அமைவனச் சட்டத்தில் முதல் தடவைக்கே இரண்டு லட்சத்துக்குக் குறையாத அபராதமோ, இரண்டு வருடம் வரை சிறையோ என்று எழுதியிருக்கிறது. "பார்ட்டி கேட்டார், கொடுத்தேன்" என்பது அங்கே எடுபடாது.

லைசென்ஸ் இல்லாதவர்களை எல்லாம் விரட்டச் சொல்லவில்லை. பதினைந்து வருடம் ஏணி ஏறிய கைகள் அவை; பல பேருக்கு ஐ.டி.ஐ. படிக்க வசதி இருந்ததில்லை. அவர்களுக்கும் வழியுண்டு. மின்கம்பி உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசு நடத்துகிறது. 21 வயது நிரம்பி, வயரிங் வேலையில் ஐந்து வருட அனுபவம் உள்ளவர்களுக்கான தேர்வு இது. அரசு தொழிற்பயிற்சி நிலையங்களில் நடக்கும், அறிவிப்பு செய்தித்தாளில் வரும். கட்டடத் தொழிலாளர் நலவாரியத்திலும் எலக்ட்ரீஷியன்கள் பதிவு செய்துகொள்ளலாம். எங்கள் குடோனில் அந்த ஜாயிண்டைப் போட்டவன் அன்றைக்குப் பதினேழு வயதுப் பையன். பிறகு இந்தத் தேர்வை எழுதி, லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் சேர்ந்தான். இப்போது அவன்தான் எங்கள் கடைக்கும் வேலை பார்க்கிறான். எங்களிடம் பற்று வைத்திருக்கிற பையன்கள் பெயரை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். அறிவிப்பு வந்த அன்றே ஆளனுப்பிச் சொல்லிவிடுகிறோம். விண்ணப்பக் கட்டணம் கையில் இல்லாதவனுக்கு அதையும் பற்றில் எழுதிக்கொள்கிறோம்.