நிர்வாகக் குழு பொறுப்போடு இயங்க

தொழில் நடத்துவோர் தம் நிர்வாகக் குழுவைப் பொறுப்புள்ளதாக்க விரும்பினால், முதற்கண் செய்யத்தக்கது, ஒவ்வொரு காரியத்துக்கும் ஒருவர் பெயரை, ஒருவர் பெயரை மட்டுமே, தவணைத் தேதியோடு ஏட்டில் எழுதி வைப்பதாகும். இருவர் பெயரில் நிற்கும் காரியம் பெரும்பாலும் எவருடைய காரியமும் அன்று.

அடுத்தது, வாரந்தோறும் குறித்த கிழமையில் தவறாமல் கூடுவது. 2006-ஆம் ஆண்டில், நஷ்டத்தில் தத்தளித்த ஃபோர்டு மோட்டார் கம்பெனியின் தலைமையை ஏற்ற ஆலன் முலாலி, வியாழக்கிழமைதோறும் அதிகாரிகளைக் கூட்டி, அவரவர் வேலையின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் வர்ணங்களால் காட்டச் சொன்னபோது, கோடிக்கணக்கான டாலர் நஷ்டத்தின் நடுவிலும் எல்லாம் பச்சையாகவே வந்தது விசித்திரந்தான்! பின்னர் மார்க் ஃபீல்ட்ஸ் என்னும் அதிகாரி, புதிய வண்டியொன்றின் உற்பத்தியில் கண்ட கோளாறைச் சிவப்பில் காட்டத் துணிந்தபோது, சபை மௌனத்தில் ஆழ்ந்திருக்க, முலாலி கைதட்டினார். அதன் பிறகே ஏனையோர் ஏடுகளும் நிறம் மாறலாயின.

ஆகையால், குறையை முதலில் சொல்பவரைக் கடியாதீர்கள். ஒளித்தவரை மட்டும் கண்டியுங்கள். கூட்டத்தின் தீர்மானங்களை அன்று மாலைக்குள் எழுதிக் கையொப்பம் பெற்று, அடுத்த கூட்டத்தை அவற்றை வாசிப்பதிலிருந்தே ஆரம்பியுங்கள். முதலாளியின் மைத்துனரே குழுவில் இருந்தாலும், அவர் பெயரும் காரியங்களை எழுதும் அதே ஏட்டில், அதே போலத் தவணையோடு இருக்கவேண்டும். சொல்லச் சங்கடமாயினும் சொல்லியாக வேண்டியிருக்கிறது.