விமானத்துக்கும் உண்டு ஒரு ஜாதகம்

(இறுதியாண்டு, இயந்திரவியல் பிரிவு)



மூங்கில்துறைப்பட்டில் சர்க்கரை ஆலை இருப்பதால் ஷிப்ட் என்றால் என்ன என்று நமக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. பாய்லர் ஹவுஸில் வேலைக்கு வருபவர் வாட்டர் கேஜைப் பார்ப்பார், அடுத்து லாக் ஷீட்டைப் புரட்டுவார். போன ஷிப்டுக்காரர் வாயால் ஆயிரம் சொன்னாலும் எழுத்தில் இருப்பதுதான் கணக்கு. விமானத் துறையில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது.

ஒரு விமானத்துக்கு ஒரே லாக் புக் என்று நினைத்தால் தவறு. உடற்பகுதிக்கு ஒன்று, ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஒன்று, புரொப்பெல்லருக்குத் தனியாக ஒன்று. ஏன்? எஞ்சினைக் கழற்றி வேறு விமானத்தில் மாட்டுவார்கள். அப்போது அதன் புத்தகமும் கூடவே போகும், பெண்ணோடு சீர்வரிசை போவது மாதிரி! பறந்த மணிநேரம் மட்டும் போதாது, எத்தனை முறை தரையிறங்கியது என்பதும் வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் லேண்டிங் கியர் தேய்வது தரையிறக்கத்தில்தானே.

எழுதாமல் விட்டால் என்ன ஆகும்? 1991 செப்டம்பர் 10 இரவு, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் காண்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் எம்பிரேயர் 120 விமானம் ஒன்று பராமரிப்புக்கு நின்றது. வால் இறக்கையின் முன்விளிம்பில், படியும் பனிக்கட்டியை அகற்றும் ரப்பர் உறையை மாற்ற வேண்டும். ஒரு ஷிப்டில் வலது பக்கத்தோடு இடது பக்கத்தின் மேல் ஸ்குருக்களையும் கழற்றிவிட்டார்கள். அடுத்த ஷிப்ட் வலதை மட்டும் முடித்து, இடது பக்கத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிப் போட்டது. அங்கே 47 ஸ்குருக்கள் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. வேலை அட்டையில் ஒரு வரி கூட ஏறவில்லை. ஷிப்ட் மாற்றும் படிவத்தில் பொதுவாக ஏதோ எழுதியிருந்தது. அடுத்த ஷிப்ட் இன்ஸ்பெக்டரோ அது எழுதப்படும் முன்பே படிவத்தைப் பார்த்துவிட்டார். வால் 'டி' எழுத்து வடிவம், உயரத்தில் இருப்பது. கீழே நின்று பார்த்தால் மேல்பக்கம் தெரியாது.

மறுநாள் லாரிடோவிலிருந்து ஹூஸ்டன் திரும்பும்போது அந்த முன்விளிம்பு பிய்த்துக்கொண்டு போனது. விமானத்தில் இருந்த 14 பேரும் இறந்தனர். கழற்றியவர் கெட்டிக்காரர்தான், சோம்பேறி இல்லை. உதவி செய்யத்தான் கழற்றினார்.

ஆகவே பாதி முடிந்த வேலையைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பேன். முடிந்த வேலையை எல்லோரும் சந்தோஷமாக எழுதிவிடுவார்கள்! எதைக் கழற்றினோம், எந்தப் பக்கம், எத்தனை, எது இன்னும் மாட்டவில்லை என்று அந்த நிமிஷமே எழுத வேண்டும். 'சரிபார்க்கப்பட்டது' என்று மொட்டையாக எழுதினால் பிரயோஜனமில்லை. பென்சில் கூடாது, மைதான். தப்பாகிவிட்டால் ரப்பரோ வெள்ளை மையோ வேண்டாம். பழைய எழுத்து படிக்கத் தெரிகிற மாதிரி ஒரே கோடு, பக்கத்தில் சரியானது, கையெழுத்து, தேதி. லேப் ரெக்கார்டில் சீனியர் நோட்டைப் பார்த்து ரீடிங் போடும் நண்பர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கவும்.

விமானிக்கும் சொந்த லாக் புக் உண்டு. தேதி, விமானத்தின் வகை, வி.டி. என்று தொடங்கும் பதிவு எழுத்துக்கள், புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், பகலா இரவா, தனியாகவா பயிற்சியாளரோடா என எல்லாம் பதிய வேண்டும். நம் நாட்டில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். பறக்காத மணிநேரத்தை எழுதிக் காட்டியதாக 2011-ல் சிலர் மீது வழக்கே வந்தது. விமானி தன் புத்தகத்தில் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அதே நாளில் அந்த விமானத்தின் பயணப் புத்தகம் என்ன சொல்கிறது, எஞ்சின் எத்தனை மணி ஓடியது, எவ்வளவு எரிபொருள் போட்டார்கள் என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.