ஈரப் புல், கண்மாய்ச் சேறு: ஐப்பசி, கார்த்திகைக்கான வண்டி ஆலோசனை

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். காரைக்குடி வட்டாரத்தில் முதல் இரண்டு மழையிலேயே பொட்டலெல்லாம் பச்சையாகிவிடும். அதற்கடுத்த மழையில் தோட்டத்துக்குப் போகும் வண்டிப்பாதை சகதியாகும். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவர்கள் தார், ஜிம்னி, கூர்க்கா மாதிரி ஜீப் வகை வண்டியை எடுத்துக்கொண்டு, பூட்டிக் கிடக்கும் தோட்டத்தைப் பார்க்கவும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கவும் கிளம்புவதும் இந்த நாட்களில்தான்.

முதலில், உங்கள் வண்டி உண்மையிலேயே நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிதானா என்று பாருங்கள். கேட்கச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் 2023 ஜனவரியிலிருந்து தாரில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் விற்பனையாகிறது. நம் ஊரில் ஓடும் பொலேரோக்களில் பெரும்பாலானவையும் அந்த வகைதான். உருவம் ஒன்றாக இருப்பதால், இரவல் வாங்கி ஓட்டுபவர் சேற்றில் இறங்கிய பிறகுதான் கியருக்குப் பக்கத்தில் இரண்டாவது லீவரோ திருகும் குமிழோ இல்லை என்பதைக் கவனிப்பார். லீவர் இருந்தாலும் பல மாதமாகத் தொடாமல் விட்டது மழை நாளில் இறுகி நிற்கும். ஆகவே இந்த வாரமே ஈர மண்ணில் 4 ஹெச்சிலும் (நான்கு சக்கர இழுவையின் வேக நிலை) 4 எல்லிலும் (மெதுவான, இழுவை கூடிய நிலை) போட்டுக் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றியாக வேண்டும். இந்த வண்டிகளில் 4 ஹெச் போட்டதும் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்வதால், அந்த வேறுபாடு முழுக்கப் பற்சக்கரங்களின் தலையில் விழும்.

அடுத்தது மண். செம்புறைக்கல் மேடுகள் தண்ணீரைச் சீக்கிரம் வடித்துவிடும். மேலே விரல் கனத்துக்கு வழுக்கினாலும் கீழே கெட்டியாக இருக்கும். கண்மாய் உள்வாய், வரத்துக்கால், பழைய செய் ஆகியவற்றில் கரம்பையும் களிமண்ணும்தான். கோடையில் பாறைபோல் கிடந்த அந்த மண் நனைந்ததும் பிசைந்த மாவாகி டயரின் பள்ளங்களை அடைத்துவிடும். பள்ளம் அடைந்த டயர், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும், வழுக்கை டயர்தான்.

இந்த இரண்டு மண்ணையும் இப்போது ஒரே பச்சை மூடியிருக்கிறது என்பதுதான் சிக்கல். கோரை முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் தேங்கி நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக் குளம்புத் தடம் ஆழமாக விழுந்து அதில் தண்ணீர் ஊறியிருந்தால் வண்டியை இறக்கவே வேண்டாம். மற்ற இடங்களில் ஒரு கம்போடு முன்னால் நடந்து போய், போகிற பாதை முழுவதையும் குத்திப் பாருங்கள். சேற்றுக்காக மட்டும் சொல்லவில்லை. சுற்றுச்சுவர் இல்லாத தரைக்கிணறுகள் நம் புஞ்சைக்காடுகளில் இன்னும் இருக்கின்றன. கிராவலும் சவுடும் அள்ளிய பள்ளங்கள் மழையில் நிரம்பி, பார்வைக்கு முழங்கால் தண்ணீர்போலத் தெரியும். அவற்றில் விழுந்தால் வண்டி மட்டுமல்ல, ஆளும் திரும்பி வருவது நிச்சயமில்லை. அந்த நிலத்தில் மாடு மேய்ப்பவரிடம் இரண்டு நிமிடம் பேசினால் எங்கே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். கூகுள் வரைபடத்துக்கு அது தெரியாது.

ஈரப் புல் சேற்றைவிட ஏமாற்றக்கூடியது. சேற்றைப் பார்த்தால் பயம் வரும், புல்லைப் பார்த்தால் வராது. புல்லின் மழமழப்பான இலைமேல் தண்ணீர் படலமாக நிற்க, டயர் மண்ணைத் தொடாமலே வழுக்கும். இங்கே ஒன்றை மனத்தில் இருத்துங்கள்: ஃபோர் வீல் டிரைவ் வண்டியை ஏற்றிவிடும், நிறுத்தித் தராது. சாதாரண மாருதி காருக்கும் நான்கு சக்கரத்தில்தான் பிரேக். உங்கள் வண்டிக்கும் அவ்வளவுதான், எடை மட்டும் கூடுதல். சுலபமாக மேடேறிய தைரியத்தில் அதே வேகத்தில் இறங்குபவர்தான் கீழே உள்ள புளியமரத்தில் போய் நிற்கிறார்.

சரிவில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். குறுக்கே போகாதீர்கள், நடுச்சரிவில் திருப்பாதீர்கள். இறங்கும்போது 4 எல்லில் முதல் கியர் போட்டு, கிளட்சை முழுவதும் விட்டு, எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கும்படி விடுங்கள். பின்பக்கம் விலக ஆரம்பித்தால் பிரேக்கை அழுத்தத் தோன்றும். அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் சக்கரம் மறுபடி சுற்றி ஸ்டியரிங் பேச்சைக் கேட்கும். ஏற முடியாமல் பாதியில் நின்றால் ரிவர்ஸ் கியரில் வந்த தடத்திலேயே நேராகப் பின்வாங்குங்கள். நியூட்ரலில் உருளவிட்டால் வண்டி உங்கள் கையில் இருக்காது.

இப்படி ஏறி இறங்கிப் பழகக் கண்மாய்க் கரையைப் பயன்படுத்த வேண்டாம். மழையில் ஊறிய கரையில் சக்கரத் தடம் விழுந்தால் அடுத்த மழைத் தண்ணீர் அந்தத் தடத்தின் வழியேதான் அரித்துக்கொண்டு ஓடும். உடைப்பெடுத்தால் அதன் கீழிருக்கும் வயல்கள் அத்தனையும் போய்விடும். வேட்டங்குடி சரணாலயத்துக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கும் இதே வேண்டுகோள். அங்கே கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிப்பதில்லை. நாம் கரைக்கு வெளியே வண்டியை நிறுத்திவிட்டு நடக்கலாம்.

சேற்றைத் தாண்டித்தான் ஆகவேண்டும் என்றால், இறங்குமுன்பே 4 எல்லுக்கு மாற்றி இரண்டாவது கியரில் சீரான வேகத்தில் போங்கள். நடுவில் கிளட்சை மிதிக்கவோ கியர் மாற்றவோ கூடாது. வேகம் குறைந்தால் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது ஆட்டுங்கள், டயரின் ஓரம் புது மண்ணைப் பிடிக்கும். வழக்கமாக 30 பி.எஸ்.ஐ.க்கு மேல் வைக்கும் காற்றை 20 வாக்கில் குறைத்தால் டயர் பரந்து பதியும். ஆனால் கையடக்கக் கம்ப்ரசர் இல்லாதவர்கள் குறைக்க வேண்டாம், அந்தக் காற்றோடு தேவகோட்டை ரோட்டில் வேகமாக ஓட்டுவது சேற்றைவிட ஆபத்து. சக்கரம் சுற்றும்போது எஞ்சின் தானாகவே அடங்கினால் டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேலை செய்கிறது என்று பொருள். ஆழச் சேற்றில் அதை அணைத்துக்கொள்ளலாம், தார்ச்சாலை ஏறியதும் மறக்காமல் போடுங்கள்.

கலுங்கு பாயும்போது தரைப்பாலத்தைக் கடக்கக் கூடாது. தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும், கூர்க்கா 700 போகும் என்று நிறுவனங்கள் சொல்வது தேங்கிய தண்ணீருக்கு. ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் பெரிய வண்டியையும் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒருவர் போய்விட்டார் என்று அடுத்தவரும் இறங்குவதுதான் ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. வெள்ளத்தில் சிக்கியவர்களைக் கண்டால் மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, ஆம்புலன்சுக்கு 108.

மாட்டிக்கொண்டால் ஆக்சிலரேட்டரை முறுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றும் ஒரு பிடி மண்ணை வெளியே எறிந்து, அச்சு தரையில் உட்காரும்வரை தோண்டும். அப்புறம் நான்கு சக்கரம் இருந்தும் பயனில்லை. வந்த தடத்தில் ரிவர்ஸ் எடுத்துப் பாருங்கள். வரவில்லையென்றால் மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் சரிவாக வெட்டி, தென்னை மட்டையோ கோணிச் சாக்கோ திணியுங்கள். மண்வெட்டி இல்லாமல் இந்த இரண்டு மாதமும் தோட்டத்துக்குப் போகாதீர்கள். டிராக்டரை அழைத்தால், பம்பரிலும் இழுவைக் குமிழிலும் கட்ட விடாதீர்கள். சட்டத்தோடு இணைந்த இழுவைக் கொக்கியில்தான் கட்ட வேண்டும். சங்கிலியைவிட அகலமான இழுவைப் பட்டை நல்லது. நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போர்த்துங்கள், அறுந்தால் வீச்சு குறையும். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகளைப் பட்டையின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்துக்கு விரட்டிவிடுங்கள். மெதுவாகத்தான் இழுக்க வேண்டும். வெடுக்கென்று இழுத்தால் டிராக்டரின் முன்பக்கம் தூக்கி ஓட்டுநர்மேல் கவிழலாம்.

வீடு வந்ததும் ரேடியேட்டரையும் சக்கரத்தின் உட்புறத்தையும் கழுவுங்கள். காய்ந்த சேறு ஒருபக்கம் ஒட்டியிருந்தால் நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் உதறும். சைலன்சர் குழாயைச் சுற்றிச் சிக்கிய புல்லைக் கையால் எடுத்துவிடுங்கள். மறுநாள் அது காய்ந்து சூட்டில் பற்றும். அச்சுவரை தண்ணீரில் இறங்கியிருந்தால் மெக்கானிக்கிடம் டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்கச் சொல்லுங்கள். பால்நிறமாக இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, மாற்றியாக வேண்டும்.

தோட்டத்திலிருந்து தார்ச்சாலை ஏறுமுன் வண்டியை நிறுத்தி டயர் மண்ணைக் கட்டையால் தட்டிவிடுங்கள். நாம் உதிர்த்துவிட்டுப் போகும் செம்மண் கட்டி அடுத்த தூறலில் குழம்பாகும். விடியற்காலையில் பால் கேனோடு டூவீலரில் வருபவர் அதில்தான் சறுக்குவார்.