நாடி சொல்லும் அளவு

ஏற்றம் இறைத்தும் ஏர் பிடித்தும் பயிர் செய்த காலத்தில் விவசாயிக்குத் தனியாகத் தேகப்பயிற்சி தேவைப்படவில்லை. இன்று பம்புசெட்டு நீர் இறைக்கிறது, டிராக்டர் உழுகிறது, வயலுக்குச் செல்வதும் மோட்டார் சைக்கிளில்தான். உழைப்பு குறைந்த இடத்தில் இரத்தக் கொதிப்பும் நீரிழிவும் புகுந்துவிட்டன. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ் இந்நோய்களுக்கான மருந்து வீடு தேடி வருகிறது. எனினும் மருந்தோடு பயிற்சியும் சேர்ந்தாலன்றிப் பயன் முழுமை பெறாது.

வயது வந்தோர் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிஷங்கள் மிதமான பயிற்சி செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல். நாளொன்றுக்கு அரை மணி நேரமாக வாரம் ஐந்து நாள் வேகமாக நடந்தால் 150 நிமிஷங்கள் ஆகும். ஆனால், ‘மிதம்’ என்பதை எவ்வாறு அறிவது? நீர் குறைந்தால் பயிர் வாடும். மிகுந்தால் வேர் அழுகும். பயிற்சியும் அத்தகையதே. அதன் அளவைச் சொல்வது நாடி.

நாடி பார்க்கும் முறை

உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலுக்கு நேர் கீழே மணிக்கட்டில் மறு கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல அழுத்துக. கட்டைவிரலால் பார்க்கலாகாது, அதிலுள்ள துடிப்பே கணக்கைக் குழப்பும். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒரு நிமிஷத் துடிப்பு கிடைக்கும். அமைதியாக அமர்ந்திருக்கையில் இது பெரும்பாலோர்க்கு 60 முதல் 100 வரை இருக்கும். பயிற்சியின்போது நின்றவுடனே எண்ண வேண்டும். தாமதித்தால் துடிப்பு தணிந்துவிடும்.

கணக்கு

220-லிருந்து வயதைக் கழித்தால் இருதயத் துடிப்பின் மேல் எல்லை ஏறக்குறையக் கிடைக்கும். அதில் நூற்றுக்கு 50 முதல் 70 பங்கு வரை மிதமான பயிற்சி. ஐம்பது வயதினருக்கு மேல் எல்லை 170; ஆகவே 85 முதல் 119 வரை தக்க அளவு. 15 விநாடியில் எண்ண வேண்டிய துடிப்பு வருமாறு:

30 வயது: 24 முதல் 33
40 வயது: 23 முதல் 31
50 வயது: 22 முதல் 29
60 வயது: 20 முதல் 28
70 வயது: 19 முதல் 26

புதிதாகத் தொடங்குவோர் கீழ் எல்லையை ஒட்டியே சில வாரங்கள் பழகி, படிப்படியாக உயர்த்துதல் நலம்.

“வயலில் உழைக்கும் எங்களுக்கு நடை எதற்கு?” என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கும் நாடியே விடை தரும். மண்வெட்டியால் வரப்பு வெட்டும்போது துடிப்பு இவ்வளவுக்கு உயர்ந்து நீடிக்குமானால் அவ்வேலையே பயிற்சிதான். மடை திறந்துவிட்டு வரப்பில் அமர்ந்திருப்பது பயிற்சியாகாது.

கவனிக்க வேண்டியவை

இக்கணக்கு சராசரியே, ஆளுக்கு ஆள் சிறிது வேறுபடும். அமர்ந்திருக்கையிலேயே துடிப்பு கீழ் எல்லையைத் தொடுவோரும், இருதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து உட்கொள்வோரும் இதை மட்டும் நம்பலாகாது. நடக்கும்போது பேச முடிந்து, பாட முடியாமற் போனால் அது மிதமான அளவு என்று கொள்ளலாம். கடும் வெயிலில் துடிப்பு கூடுதலாக ஏறும். ஆகவே காலையும் மாலையுமே ஏற்ற வேளை. நெஞ்சுவலி, தலைசுற்றல், மிகுந்த மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் எது கண்டாலும் உடனே நின்று, 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். நாடி சீரின்றித் துடிப்போரும், முன்னரே இருதய நோய் உள்ளோரும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் கண்ட பின்னரே பயிற்சி தொடங்க வேண்டும்.

பஞ்சாயத்தின் பங்கு

இதற்குப் பெருஞ்செலவு இல்லை. ஏரிக்கரையில் முள் அகற்றிய நடைபாதை, விநாடி முள் உள்ள ஒரு கடிகாரம், மேற்கண்ட அட்டவணையை எழுதிய பலகை ஆகியவை போதும். கிராம சபைக் கூட்டத்தில் கிராம சுகாதாரச் செவிலியரைக் கொண்டு நாடி பார்க்கும் முறையைச் செய்து காட்டச் செய்யலாம். உறுப்பினர்கள் தாமே முதலில் நடந்து காட்டினால் ஊரார் பின்தொடர்வர். மண்ணின் வளத்தைச் சோதித்து உரமிடும் விவசாயி, தம் உடலின் நிலையையும் சோதித்து அறிந்து நடப்பாராக!