எண்ணெய் முடிக்கு என்ன செய்கிறது?



"வாத்தியாரய்யா, எந்த எண்ணெய் தேய்த்தால் பிள்ளைக்கு முடி நன்றாக வளரும்?" என்று நம் தோட்டத்துத் தாய்மார் என்னிடம் வினவுவதுண்டு. ஒரு நாள் கூலியின் பெரும்பகுதியைக் கொடுத்து, படம் போட்ட போத்தல்களை வாங்கி வருவோரும் உளர். வினாவுக்குரிய விடையை நின்றுகொண்டே சொல்லி முடித்தல் இயலாது. ஆகவே இம்மலரில் சற்று விரிவாக எழுதுகின்றேன்.

முதற்கண் ஓர் உண்மையை மனத்தில் இருத்துங்கள். நம் கண்ணுக்குப் புலப்படும் முடி உயிரற்ற பொருள். அதனாலன்றோ கத்தரிக்கும்போது நமக்கு வலிப்பதில்லை? உயிருள்ள பகுதி தோலுக்கு அடியில் உள்ளது. அதற்கு மயிர்க்கால் என்று பெயர். (மயிர் என்னும் சொல்லைக் கேட்டவுடன் வகுப்பில் சிரிப்பொலி எழுகின்றது. அது பழைமையான நல்ல தமிழ்ச்சொல். அதனை வசைச்சொல்லாக்கியது பிற்கால வழக்கு.) குருதி கொண்டுவரும் உணவைப் பெற்று மயிர்க்கால் முடியை உண்டாக்கி, மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வெளியே தள்ளுகின்றது. வெளியே வந்த முடிக்கு உணவூட்ட எவராலும் இயலாது. வீட்டு வாசலில் கிடக்கும் பலகைக்கு எண்ணெய் பூசினால் பலகை வளருமோ? வளராது; ஆயின் வெடிப்பும் உளுப்பும் இன்றி நெடுநாள் உழைக்கும். முடிக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு இத்தகையதே.

இனி, ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். சீப்பில் உதிர்ந்த நீண்ட முடியொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் வெண்ணிறச் சிறு குமிழ் தென்படும், அதுவே அடி. அடியிலிருந்து நுனி நோக்கி விரல்களால் உருவினால் வழுவழுப்பாக இருக்கும். நுனியிலிருந்து அடி நோக்கி உருவினால் சொரசொரப்புத் தோன்றும். காரணம் யாதெனின், முடியின் மேற்புறம் செதில்களால் ஆனது. அத்தாப்புக் கூரையில் மேல்வரிசை ஓலை கீழ்வரிசையின்மீது படிந்து கிடப்பதுபோல, ஒரு செதில் அடுத்த செதிலின்மேல் படிந்துள்ளது. கூரையின் முகடு முடியின் அடி என்றும், இறவாரம் முடியின் நுனி என்றும் கொள்க. இச்செதில்களுக்கு உள்ளே கெரட்டின் என்னும் புரதத்தாலான இழைகள் கயிறுபோல் முறுக்குண்டு கிடக்கின்றன. முடியின் வலிமை அனைத்தும் அக்கயிற்றில்தான் உள்ளது.

கூரை பழுதுபட்டால் வீடு நனையும். முடியும் அப்படியே. அதனைக் கெடுக்கும் பொருள்களுள் நாம் சற்றும் ஐயுறாத ஒன்று நீராகும். நன்றாக நனைந்த முடி தன் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காடு நீரை உறிஞ்சிக்கொள்கின்றது. அதன் பருமன் ஏறத்தாழ 14 விழுக்காடு மிகுகின்றது. நீளமோ 2 விழுக்காட்டளவே கூடுகின்றது. முடி பருக்கும்போது செதில்கள் தூக்கிக்கொள்ளும்; உலரும்போது சுருங்கும். நாள்தோறும் இவ்வாறு பருத்தும் சுருங்கியும் வரும் முடியிலிருந்து புரதம் சிறிது சிறிதாகக் கழுவுண்டு போகின்றது. நனைந்த முடி உலர்ந்த முடியைவிட வலிமை குன்றியது என்பதையும் இங்கே சேர்த்துக்கொள்க. பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்று ஈரத்தலையை வறவற என்று சீவும் தாய்மார் இதனைக் கவனிப்பார்களாக.

முடி ஈரத்தில் நீளும் இயல்பைக் கொண்டே, ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர் என்பார் காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் கருவியொன்றைச் செய்து, 1783-இல் அதனைப் பற்றி நூல் வெளியிட்டார். அக்கருவியின் உயிர்நாடி ஒரு மனிதத் தலைமுடிதான்! நம் நாட்டில் காற்று எப்பொழுதும் ஈரம் மிகுந்தது. மழை வருமுன் சுருட்டை முடி பொங்கி எழுவதைக் கண்டிருப்பீர்கள். அதுவும் ஈரத்தை உறிஞ்சியதன் விளைவே.

இப்பொழுது எண்ணெய்க்கு வருவோம். "எண்ணெய் முடிக்கு ஈரம் தரும்" என்பது பலருடைய எண்ணம். எண்ணெயில் நீரே இல்லையே, ஈரம் எங்ஙனம் தரும்? எண்ணெய் செய்யும் வேலைகள் வேறு. ஒன்று, முடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து செதில்களை வழுவழுப்பாக்குகின்றது. சீப்பு தடையின்றிச் செல்கின்றது. மற்றொன்று, நீர் விரைந்து உள்ளே புகுவதையும் விரைந்து வெளியேறுவதையும் தடுக்கின்றது. சேம்பிலையில் நீர் ஒட்டாமல் உருள்வதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? ஏறத்தாழ அதுபோன்றது என்க.

எல்லா எண்ணெயும் ஒரே வகையில் வேலை செய்வதில்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலம் என்னும் கொழுப்பமிலம் உள்ளது. அதன் மூலக்கூறு சிறியது, வளைவின்றி நேரானது. ஆதலால் அது செதில்களின் இடைவெளி வழியே முடிக்குள்ளேயே புகவல்லது. சூரியகாந்தி எண்ணெயின் மூலக்கூறு பெரியது, வளைவுடையது. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் கனிம எண்ணெயும் உள்ளே செல்வதில்லை. வெளியே பளபளப்பைத் தருவதோடு சரி. மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், இம்மூன்றனுள் தேங்காய் எண்ணெய் மட்டுமே முடி இழக்கும் புரதத்தின் அளவைக் குறைத்தது என்று கண்டனர். அவர்கள் பணியாற்றியது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தில் என்பதையும் சொல்லிவிடுவதே முறை. நம் முன்னோர் தலை முழுக்குக்குப் பயன்படுத்திய நல்லெண்ணெயில் லாரிக் அமிலம் இல்லையென்றே சொல்லலாம். எனினும் வழுவழுப்புத் தருவதில் அதற்குக் குறைவில்லை.

ஆகவே எண்ணெயைக் குளித்த பின் தடவுவதைவிடக் குளிக்குமுன் தடவுவதே சிறப்பு. முதல்நாள் இரவோ, சில மணி நேரத்திற்கு முன்போ தேய்த்துவிட்டால், நீர் புகுமுன் எண்ணெய் இடம்பிடித்துக்கொள்ளும். அளவு குறைவாகவே இருக்கட்டும். நெற்றியில் வழிந்து சட்டைக் காலரைக் கறையாக்கும் எண்ணெயால் முடிக்கு யாதொரு பயனுமில்லை. நுனிப்பகுதிக்குத்தான் மிகுதியும் தேவை. ஆறாம் ஆண்டில் பயிலும் பெண்ணின் கூந்தல் 50 சென்டிமீட்டர் நீளம் என்றால், அதன் நுனி அவள் இரண்டாம் ஆண்டில் பயின்றபோது தலையிலிருந்து வெளிவந்தது. நான்கு ஆண்டுகளாக வெயிலையும் சோப்பையும் சீப்பையும் தாங்கிய பகுதி அதுவன்றோ?

செம்பனைத் தோட்டத்தில் உழைக்கும் தந்தையர் ஒரு செய்தியை அறிந்தால் மகிழ்வர். நீங்கள் வெட்டி இறக்கும் செம்பனைக் குலையில் இருவகை எண்ணெய் உண்டு. சதையிலிருந்து வருவது ஒன்று. உள்ளே இருக்கும் பருப்பிலிருந்து வருவது மற்றொன்று. பருப்பு எண்ணெயில் தேங்காய் எண்ணெயைப் போலவே ஏறத்தாழப் பாதி லாரிக் அமிலமாகும். ஷாம்புவில் நுரை எழுப்பும் பொருள்களுள் பெரும்பாலானவை இவ்விரண்டு எண்ணெய்களிலிருந்தே செய்யப்படுகின்றன. தலையிலுள்ள எண்ணெயைப் போக்கும் ஷாம்புவுக்கு எண்ணெயே தாய் என்பது வியப்பில்லையா? அந்நுரைப்பொருளின் ஒரு முனை எண்ணெயைப் பற்றிக்கொள்ளும். மறுமுனை நீரைப் பற்றிக்கொள்ளும். இரண்டும் சேர்ந்து அழுக்கை இழுத்துச் செல்லும். நாம் பயன்படுத்தி வந்த சிகைக்காயும் நுரைத்து அழுக்கு நீக்குவதுதான். நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியின் இலையைக் கசக்கினால் வரும் வழவழப்பான சாறு முடிக்கு மென்மை தருகின்றது. கடையில் விற்கும் கண்டிஷனர் செய்வதும் ஏறத்தாழ அதே வேலைதான்.

சுருட்டை முடியைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். தலைத்தோலில் இயற்கையாகவே எண்ணெய்ப்பசை சுரக்கின்றது. நேரான முடியில் அது எளிதாக நுனிவரை இறங்கும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவும் அதற்குத் தடை. எனவே சுருட்டை முடி வறண்டு காணப்படுகின்றது. வளைவுகளில் ஒடியவும் செய்கின்றது. இஃது அழகுக் குறைவன்று. முடியின் வடிவம் அத்தகையது. நெருங்கிய சுருளுடைய முடியைக் கொண்ட மேற்கு ஆப்பிரிக்க மக்கள் ஷியா என்னும் மரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கும் கொழுப்பைத் தலைக்கும் தோலுக்கும் பூசிக் காக்கின்றனர். சுருட்டை முடியை முதலில் நீரால் நனைத்து, ஈரம் இருக்கும்போதே கண்டிஷனரோ சிறிது எண்ணெயோ தடவி, அகன்ற பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சிக்கெடுத்து வருக.

நம் மாணவிகளுள் சிலர், பிறருடைய கேலிக்கு அஞ்சி, துணி தேய்க்கும் பெட்டியைக் கொண்டு சுருட்டை முடியை நேராக்க முயல்வதாகக் கேள்வியுற்றேன். மிகவும் தீங்கான செயல்! ஈரமான முடியில் கடுஞ்சூடு பட்டால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, முடிக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்கும். குமிழ் விழுந்த இடத்தில் முடி ஒடிந்துபோகும். எந்த எண்ணெயும் அதனை ஒட்டவைக்காது. முகத்திலும் காதிலும் சுட்டுக்கொள்ளும் அபாயமும் உண்டு. கேலி செய்யும் மாணவர்களை நான் தனியே கவனித்துக்கொள்கிறேன். பெற்றோர்கள் பெட்டியைக் கவனித்துக்கொள்க.

பொடுகு உள்ள தலையில் எண்ணெயை ஊறவிடுதல் நன்றன்று. பொடுகோடு தொடர்புடைய நுண்ணுயிர் கொழுப்பை உண்டே வாழ்வது. பேனுக்கு மண்ணெண்ணெய் தடவும் வழக்கம் இன்னும் அங்கங்கே உள்ளது. அடுப்பருகே சென்றால் பிள்ளையின் தலையே தீப்பற்றும், தோலும் புண்ணாகும். அதனை அறவே விட்டொழிக்க வேண்டும். தலைமுடியை நனைத்து எண்ணெயோ கண்டிஷனரோ தாராளமாகத் தடவினால் பேன் விரைந்து ஓடமாட்டாது. பேன் சீப்பால் பகுதி பகுதியாக வாரி எடுக்கலாம். ஈர் பொரிக்க ஏழு முதல் பத்து நாள்கள் ஆகும். ஆதலால் ஒரு முறை வாரியதோடு நில்லாமல், சில நாள்களுக்கு ஒரு முறையாக இரண்டு மூன்று வாரங்கள் தொடர்ந்து வார வேண்டும். வீட்டிலுள்ளோர் அனைவருடைய தலையையும் பார்த்துவிடுக.

இறுதியாக முடி உதிர்வு. நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பே. டிங்கி போன்ற கடுங்காய்ச்சல் வந்து போன இரண்டு மூன்று திங்கள்களுக்குப் பின் கொத்துக் கொத்தாக உதிர்வதும் உண்டு. காய்ச்சலை மறந்துவிட்ட தாய், அஞ்சிப்போய் புதிய போத்தல் எண்ணெய் ஒன்றை வாங்குவார். சில திங்கள்களில் முடி தானே மீண்டும் முளைக்கும். பாராட்டு எண்ணெய்க்குப் போய்ச் சேரும். உடலில் இரும்புச்சத்துக் குறைந்தாலும் முடி உதிரலாம். அதற்குக் கீரை, மீன், முட்டை, பயறு முதலியவற்றை வயிற்றுக்குத் தர வேண்டுமேயன்றித் தலைக்குத் தடவிப் பயனில்லை. உதிர்வு ஆறு திங்களுக்கு மேல் நீடித்தாலும், வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலும் பிள்ளையை அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். அன்றைக்குப் பள்ளிக்கு விடுப்பு எடுத்துக்கொள்ளலாம். கடிதம் கொடுத்துவிட்டால் போதும்.