மண்ணுக்குள் பசளை தேடிய விஞ்ஞானி

மாணவர்களே, வளியில் ஏறத்தாழ 78% நைதரசன் இருந்தும் தாவரங்களால் அதனை நேரடியாகப் பயன்படுத்த முடியாது என்பதை நைதரசன் வட்டத்தில் கற்றிருப்பீர்கள். அவரையினத் தாவரங்களின் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் பற்றீரியாக்கள் நைதரசனைப் பதிக்கின்றன எனவும் எழுதியிருப்பீர்கள். அந்த ஒரு வரியைப் பெரியதொரு நாட்டின் வயல்களில் பயன்படச் செய்தவர்களுள் முதன்மையானவர் ஜொஹானா டோபரைனர்.

இவர் 1924 இல் செக்கோசிலோவாக்கியாவில் பிறந்தார். இரண்டாம் உலக யுத்தத்தின் பின் ஜேர்மனியில் பண்ணை வேலை செய்து, மியூனிக் பல்கலைக்கழகத்தில் விவசாய விஞ்ஞானம் பயின்றார். 1950களின் தொடக்கத்தில் பிறேசிலில் குடியேறி, செரோபெடிக்கா என்னுமிடத்தில் மண் நுண்ணங்கிகளை ஆராயத் தொடங்கினார்.

1960களில் பிறேசிலில் சோயாச் செய்கை விரிவடைந்தது. நைதரசன் பசளைக்குப் பதிலாகப் பற்றீரியாவை விதையுடன் சேர்த்து விதைக்கலாம் என இவர் வலியுறுத்தினார். இன்று அங்கு சோயா பெரும்பாலும் நைதரசன் பசளையின்றியே பயிரிடப்படுகின்றது.

புல்லினப் பயிர்களுக்கு வேர்ச் சிறுகணுக்கள் இல்லையே? 1970களில் இவர் அவற்றின் வேர்களிலும் நைதரசன் பதிக்கும் பற்றீரியாக்களைக் கண்டார். அவற்றை வளர்த்த முறை எளிமையானது, ஆனால் மிகவும் அழகானது. நைதரசன் பதிக்கும் நொதியம் ஒட்சிசன் மிகுந்தால் செயலிழக்கும். பற்றீரியாவின் சுவாசத்திற்கோ ஒட்சிசன் தேவை. எனவே நைதரசன் சேர்க்காத, இளகிய கூழ் போன்ற ஊடகத்தில் வேர்த்துண்டுகளை இட்டார். பற்றீரியாக்கள் தமக்கு ஏற்ற ஆழத்துக்கு நீந்திச் சென்று, மேற்பரப்பின் சற்றுக் கீழே மெல்லிய வெண்படையாகத் திரண்டன! எனினும் சோளத்துக்குத் தேவையான முழு நைதரசனையும் இவை வழங்குவதில்லை. பசளையில் ஒரு பகுதியையே மீதப்படுத்தலாம்.

இதற்கும் காலநிலை மாற்றத்துக்கும் என்ன தொடர்பு? யூரியா தயாரிப்பதற்கான அமோனியா பெரும்பாலும் இயற்கை வாயுவைப் பயன்படுத்தியே பெறப்படுகின்றது. அப்போது காபனீரொட்சைட்டு வெளியேறும். வயலில் மிகையாக இட்ட பசளையிலிருந்து நைதரசு ஒட்சைட்டும் உருவாகும். 100 ஆண்டுக் கணிப்பில் இது சம திணிவுடைய காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 270 மடங்கு வெப்பமாக்கும் ஆற்றலுடையது.

டோபரைனர் 2000 இல் காலமானார். பிறேசிலில் அதே துறையில் ஆய்வைத் தொடர்ந்த மரியாங்கெலா ஹங்கிரியாவுக்கு 2025 இல் உலக உணவுப் பரிசு கிடைத்தது.

கவனிக்க: விடையில் “அவரைத் தாவரம் நைதரசனைப் பதிக்கின்றது” என எழுதாதீர்கள். பதிப்பது பற்றீரியாவே.

வினாக்கள்
1. மேற்கூறிய வெண்படை ஊடகத்தின் மேற்பரப்பிலேயே தோன்றாதது ஏன்?
2. ஊடகத்தில் நைதரசன் சேர்மானம் இருந்திருந்தால் எவ்வகைப் பற்றீரியாக்களும் வளர்ந்திருக்கும்? காரணம் தருக.