கடலைக்குள் உப்பு எப்படிப் போகிறது?

ஓட்டோடு அவித்த வேர்க்கடலையைத் தின்னாதவர் உங்களில் யாரும் இருக்க மாட்டீர்கள். ஒரு வீட்டில் அவித்தால் பருப்பிலேயே உப்பு நன்றாகப் பிடித்திருக்கும். இன்னொரு வீட்டில் அவித்தால் ஓட்டில் உப்புக் கரிக்கும். உள்ளே பருப்பு சப்பென்று இருக்கும். இரண்டு வீட்டிலும் போட்ட உப்பு ஒரே அளவுதான். பிறகு ஏன் இந்த வேறுபாடு? காரணத்தைத் தெரிந்துகொண்டால் நீங்களே வீட்டில் சுவையாக அவிக்கலாம்.

முதல் வேலை: பொறுக்குதல்

அடுப்பைப் பற்றவைக்கும் முன் கடலையைத் தரையில் பரப்பிப் பாருங்கள். வேர்க்கடலைச் செடி தரைக்கு மேலே பூக்கிறது. ஆனால் காய் மண்ணுக்குள் முதிர்கிறது. ஆகவே மண்ணில் வாழும் பூஞ்சைகள் காயை எளிதில் பற்றிக்கொள்கின்றன. ஈரத்தோடு குவித்து வைத்தால் அவை மேலும் பெருகும்.

1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்தன. ஆராய்ந்தபோது, அவற்றுக்குக் கொடுத்த தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை ஒரு நச்சுப்பொருளை உண்டாக்கியிருந்தது. பூஞ்சையின் பெயரை ஒட்டியே அந்த நச்சுக்கு அஃப்ளடாக்சின் என்று பெயரிட்டார்கள். இது மனிதரின் கல்லீரலையும் தாக்கும். நெடுநாள் உடலில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும்.

“கொதிக்கவைத்தால் எல்லாம் செத்துப்போகும்” என்று சிலர் சொல்வார்கள். பூஞ்சை சாகும், நச்சு அழியாது. அது சிதைய 200 டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பம் வேண்டும். நம் பாத்திரத்து நீரோ 100 டிகிரியைச் சுற்றியே நிற்கிறது. நாக்காலும் இந்த நச்சைக் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே பூஞ்சணம் பூத்தவை, கருத்தவை, சுருங்கியவை, பூச்சி துளைத்தவை ஆகியவற்றைத் தயங்காமல் எறிந்துவிடுங்கள். நான்கு கடலை வீணாகிறதே என்று பார்க்க வேண்டாம்.

மூன்று தடைகள்

கடலைக்குள் போக உப்பு மூன்று தடைகளைக் கடக்க வேண்டும். முதலாவது ஓடு. இதில் நுண்ணிய துளைகள் உண்டு. நீர் மெதுவாகப் புகும். இரண்டாவது ஓட்டுக்கும் பருப்புக்கும் இடையே உள்ள காற்று. பச்சைக் கடலையைத் தண்ணீரில் போட்டால் பெரும்பாலானவை மிதப்பது இந்தக் காற்றினால்தான். மூன்றாவது பருப்பின் செல்கள். உயிருள்ள செல்லின் சவ்வு, உப்பைத் தாராளமாக உள்ளே விடாது.

கொதிக்கும்போது என்ன நடக்கிறது? ஓட்டுக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ்குமிழாக வெளியேறுகிறது. அந்த இடத்தை நீராவி நிரப்புகிறது. வெப்பத்தால் செல்சவ்வுகளும் சிதைகின்றன. வழி திறந்துவிட்டது! ஆனால் உப்பு இன்னும் முழுதாக உள்ளே போகவில்லை.

இப்போது அடுப்பை அணைத்துக் கடலையை அதே நீரில் விட்டுவையுங்கள். நீர் ஆறும்போது ஓட்டுக்குள் இருக்கும் நீராவி குளிர்ந்து நீர்த்துளியாகிறது. உள்ளே அழுத்தம் குறைகிறது. வெளியே உள்ள காற்றழுத்தம் உப்பு நீரை ஓட்டுக்குள் தள்ளுகிறது. பிறகு உப்பு, செறிவு மிகுந்த இடத்திலிருந்து செறிவு குறைந்த பருப்புக்குள் மெல்ல மெல்லப் பரவுகிறது. இதற்கு விரவுதல் என்று பெயர். விரவுதலுக்கு நேரம் வேண்டும். வெந்தவுடன் நீரை வடித்துவிட்டால் உப்பு வாசலிலேயே நின்றுவிடும். சப்பென்ற கடலையின் மருமம் இதுதான்.

உப்புப் போட்டால் நீர் அதிகச் சூடாகி விரைவில் வேகும் என்று நினைக்கலாம். ஒன்றரை லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரைத்தால் கொதிநிலை அரை டிகிரி அளவுக்குத்தான் உயரும். விரைவில் வேக உதவுவது குக்கர்தான். அதற்குள் அழுத்தம் கூடுவதால் நீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை சூடேறுகிறது.

செய்முறை

பொறுக்கிய பச்சைக் கடலை அரைக் கிலோவை மண் போக நாலைந்து முறை அலசுங்கள். ஒன்றரை லிட்டர் நீரில் 50 கிராம் உப்பைக் கரையுங்கள். மேசைக்கரண்டியால் தலைதட்டி மூன்று அளவு போட்டால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். கடல்நீரின் உப்பளவும் கிட்டத்தட்ட இதுதான். திறந்த பாத்திரத்தில் வேக ஒரு மணி நேரம் ஆகலாம். குக்கரில் நாலைந்து விசில் போதும். காய்ந்த கடலையானால் முதல்நாள் இரவே ஊறவையுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இருக்கட்டும். குக்கரின் அழுத்தம் தானாக அடங்கும் வரை மூடியைத் திறக்கக் கூடாது. வெந்தபின் ஒரு மணி நேரம் அதே நீரில் ஊறவிட்டு வடியுங்கள்.

எந்தச் சுவையை எப்போது சேர்ப்பது?

புளியை முதலிலேயே போடாதீர்கள். செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்னும் பொருள் புளிப்பில் எளிதில் கரையாது. கடலை வேகத் தாமதமாகும். மெத்தென்று வெந்தபின் புளிக்கரைசலை விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்குங்கள். மிளகாயின் உறைப்பு தரும் கேப்சைசின் நீரில் மிகக் குறைவாகவே கரையும். எண்ணெயில் நன்றாகக் கரையும். மஞ்சளின் நிறப்பொருளும் அப்படியே. ஆகவே உறைப்பான கடலை வேண்டுமானால், பருப்பை உரித்து, கடுகு, பூண்டு, பெருங்காயம், மிளகாய்த்தூள் தாளித்த எண்ணெயில் புரட்டுங்கள். எலுமிச்சையின் மணம் சூட்டில் பறந்துவிடும். அதைக் கடைசியில் பிழியுங்கள்.

சோதித்துப் பாருங்கள்

ஒரே அளவுள்ள 60 கடலைகளை எடுத்து இருபது இருபதாகப் பிரியுங்கள். மூன்றையும் தனித்தனியே, ஒரே அளவு நீரில், ஒரே நேரம் வேகவையுங்கள். அ: உப்பு நீரில் வேகவைத்து உடனே வடித்தது. ஆ: உப்பு நீரில் வேகவைத்து அதிலேயே ஒரு மணி நேரம் ஊறியது. இ: வெறும் நீரில் வேகவைத்து, வெந்தவுடன் அடுப்பை அணைத்து, அதே அளவு உப்பை அந்த நீரில் கரைத்து ஒரு மணி நேரம் ஊறியது. வேகவைக்கும் முன் எத்தனை மிதந்தன, கடைசியில் எத்தனை மூழ்கின என்று எண்ணிக் குறியுங்கள். பிறகு எது எது என்று சொல்லாமல் நண்பரிடம் பருப்பைக் கொடுத்து, உப்பின்படி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். நண்பருக்குக் கடலை ஒவ்வாமை இல்லை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். சிலருக்கு அது உயிருக்கே ஆபத்தாகும்.

ஆ முந்தும் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். அ, இ இரண்டில் எது முந்தும்? உங்கள் நண்பரின் நாக்கு சொல்லட்டும்! முடிவையும் அதற்கான காரணத்தையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அவித்த கடலையில் ஈரம் மிகுதி, விரைவில் ஊசிப்போகும். ஆகவே சோதனை முடிந்ததும் மீதியை அன்றே எல்லோருமாகச் சேர்ந்து தின்று தீர்த்துவிடுங்கள்.